அவள் பேருக்குக் கீழே விட்ட இடம்

நான் பஹ்ரைனிலிருந்து திரும்பி வந்தது வேலை போனதால் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வேலை போனது உண்மைதான். கப்பல் பட்டறையில் வயசானவர்களை முதலில் அனுப்பினார்கள். அனுப்பாவிட்டாலும் வந்திருப்பேன். எனக்கு இங்கே ஒரு இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

என் பெண்டாட்டியைப் புதைத்த இடம்.

கொரோனா நேரத்தில் அவள் போனாள். அப்போது விமானம் ஓடவில்லை. அவள் தம்பிதான் போன் செய்தான்.

"மாமா, அக்கா பூட்ச்சி மாமா."

அவ்வளவுதான் சொன்னான். லைன் ஓடிக்கொண்டே இருந்தது. கேம்ப் ரூமில் பக்கத்துக் கட்டில்காரன் என் கையிலிருந்து போனை எடுத்து அணைத்தான்.

கொஞ்ச நாள் கழித்து மச்சான் ஒரு போட்டோ அனுப்பினான். மண்மேடு, அதன்மேல் மரச் சிலுவை, சிலுவையில் பெயின்டால் அவள் பேர். பின்னால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் டாங்கின் தலை. வருஷக்கணக்காக அந்தப் போட்டோவைப் பார்த்தேன். போன் மாற்றினால் முதலில் அதைத்தான் ஏற்றிக்கொள்வேன். கடைசியில் அந்த டாங்கு எனக்கு எங்கள் தெருவைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே குழியில் வைப்பார்கள். முதலில் போனவர் அடியில். வருஷங்கள் போனபின் அதையே திறந்து மற்றவரை மேலே வைப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் வந்த வழக்கம். ஆனால் இடம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றாகப் படுத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள்.

நான் ஃபாரின் கிளம்பியபோது அவள் இறால் கம்பெனியில் தோல் உரித்துவிட்டு வந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் என் பையைக் கட்டினாள். அழவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை.

"அங்கியே மண்ணாயிடாத. நான்தான் முன்னாடி போவேன். நீ எனக்கு மேல வந்து படு. அப்பயாச்சும் பக்கத்துல இருப்ப."

"வாய கழுவு."

"கழுவிட்டா மட்டும்?" என்று சிரித்தாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி வரும்போது விமானத்தில் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரில் எனக்கு வேறு என்ன இருக்கிறது. வீடு வாடகை ரூம். மகள் மச்சான் வீட்டில் வளர்ந்துவிட்டாள். எனக்கென்று இருந்தது அந்தக் குழி ஒன்றுதான்.

மச்சான் டிரெய்லர் ஓட்டுகிறவன். ஹார்பருக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போவான். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு தோஸ்தின் காரை வாங்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைக் கட்டிப் பிடித்தான். அப்புறம் வழி நெடுக ரோட்டைப் பற்றியே பேசினான். இங்கே பாலம், அங்கே மெட்ரோ, இந்தப் பக்கம் டிராபிக். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ராயபுரம் வந்ததும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. டீசலும் மீனும் ஐஸும் கலந்த வாசனை கார் கண்ணாடியை மூடியிருந்தும் உள்ளே வந்தது. அவள் கை வாசனை அதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னா மாமா, தூங்கிட்டியா?"

"இல்ல. நேரா அங்க போலாமா?"

"எங்க?"

"உங்க அக்காவ பாக்க."

அவன் கியரை மாற்றினான். "இப்ப கேட்டு மூடியிருப்பாங்க மாமா. நாளிக்கு போலாம்."

மத்தியானம்தான் ஆகியிருந்தது. கேட் மூடியிருக்கும் என்றால் மூடியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ரூம் மாடியில். அவள் போன பிறகும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். இரும்புக் கேட் துரு பிடித்து வீங்கிப் போயிருந்தது. கடல் காற்றுக்கு இங்கே எல்லா இரும்பும் அப்படித்தான். உள்ளே அவள் சேலை ஒன்று கொடியிலேயே இருந்தது. காய்ந்து, வெளுத்து, மடிப்பில் மட்டும் பழைய நிறம். நான் எடுக்கவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

சாயந்திரம் மகள் காலடிப்பேட்டையிலிருந்து வந்தாள். மச்சான் வீடு அங்கே. நான் போகும்போது என் இடுப்பு உயரம் இருந்தவள். இப்போது காலேஜ். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றாள்.

"வந்துட்டீங்களா நைனா?"

"வந்துட்டேன்."

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்பனை வா போ என்றுதான் கூப்பிடும். அவள் வீட்டுக்கு வந்த ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் வீட்டுக்கு வந்த ஆள்தான்.

டீக்கடையில் பழைய ஆட்கள் இருந்தார்கள். கடைக்காரன் என்னைப் பார்த்ததும் பாய்லரை விட்டு வெளியே வந்தான்.

"யோவ், பாரின்காரு வந்துகிறாருபா! சென்ட் பாட்டில் எங்க மாமு?"

"கொண்டாரல."

"சோப்பாச்சும்?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு வந்த? ரிட்டன் போ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ கொடுத்தான், காசு வாங்கவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். கப்பலைக் கரையேற்றி நிறுத்தினால் துருவை உரிப்போம், அப்புறம் பெயின்ட் அடிப்போம் என்றேன். கப்பல் கை மாறினால் பழைய பேரை உரித்துவிட்டுப் புதுப் பேர் எழுதுவோம் என்றும் சொன்னேன்.

"அட, நம்ம ரேஷன் கார்டு மாதிரி," என்றான் ஒருத்தன்.

மறுநாள் மச்சானுக்கு லோடு வந்துவிட்டது. அதற்கு மறுநாள் அவன் பெண்டாட்டிக்கு ஜுரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போகலாம் என்றான். பூசைக்கே வரவில்லை. தனியாகப் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை. அவளை அடக்கம் செய்தவன் அவன். அவன் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை என்று இருந்தேன்.

மகளிடம் கேட்டேன். "எனக்கு எக்ஸாம் இருக்கு நைனா. நீங்களும் மாமாவும் போயிட்டு வாங்க," என்றாள்.

ஒருவழியாக ஒரு நாள் மச்சான் வந்தான். நடந்தே போனோம். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவன் நடை மெதுவாகிவிட்டது. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். அவனுக்குத் துக்கம் என்று நினைத்தேன். மதில் ஓரமாகப் போய் ஒரு இடத்தில் நின்றான்.

"இதான் மாமா."

புல் முழங்கால் அளவு இருந்தது. சிலுவை இல்லை. புல்லுக்குள் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசிய கட்டு தெரிந்தது.

"நீயா கட்டின?"

"ம்."

"சிலுவ?"

"மழைல மக்கிட்சி போல."

நான் போனை எடுத்துப் போட்டோவைப் பார்த்தேன். தலையைத் தூக்கி மதிலைப் பார்த்தேன். டாங்கு தெரியவில்லை.

"டாங்கு எங்கடா?"

"செவுத்த ஒசத்தி கட்டிட்டானுங்க மாமா. எப்பிடி தெரியும்?"

மதிலின் மேல்பாதி புதுசாகத்தான் இருந்தது. நம்பினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் மண்டி போட்டுவிட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

அன்றைக்குத்தான் நான் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் போனேன். முதலில் புல்லை வேரோடு எடுத்தேன். பாசியைச் சுரண்டினேன். தலைமாட்டில் சிமென்ட் பலகை மாதிரி ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் ஒரு ஓட்டை இருந்தது, இரும்பு ஏதோ நட்டுப் பிடுங்கின மாதிரி. அதை நிமிர்த்திக் கலவை போட்டு நிறுத்தினேன். கால்மாட்டில் மண் சரிந்து மேடாக இருந்தது. அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

குழி வெட்டுகிறவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். என் வயசு ஆள். ஒரு நாள் கிட்ட வந்தார்.

"பெயின்ட் அடிக்கப் போறியா?"

"ஆமா. யார்கிட்டயாச்சும் கேக்கணுமா?"

"புச்சா கட்டினாதான் கேக்கணும். சுண்ணாம்பு அடிக்கிறவனெல்லாம் யாரு கேக்குறா. அடி."

காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்கு அடிக்கிறவர்களிடம் பெயின்ட் வாங்கினேன். உப்புக் காற்றுக்குத் தாங்குகிற பெயின்ட். முதலில் பிரைமர். காய விட்டு, தேய்த்து, மறுபடியும் பிரைமர். அதன்மேல் வெள்ளை. கப்பலுக்கு எப்படிச் செய்வேனோ அப்படிச் செய்தேன். கப்பலுக்கு மேஸ்திரி நிற்பான். இங்கே யாரும் நிற்கவில்லை. அதைவிட ஒழுங்காகச் செய்தேன்.

தலைமாட்டுப் பலகையில் நீலத்தில் அவள் பேரை எழுதினேன். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் கப்பல் பேர் எழுதி எழுதி எழுத்து நன்றாக வரும். பேரை மேலே தள்ளி எழுதினேன். கீழே பாதிப் பலகையைச் சும்மா விட்டேன்.

குழி வெட்டுகிறவர் பார்த்துவிட்டு, "இன்னா கீய காலியா கீது? வசனம் எய்தலாமே," என்றார்.

"அது எனக்கு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்த வேலையில் இருப்பவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

டீக்கடையில் கேலி தொடங்கிவிட்டது. காலையில் நான் பக்கெட்டோடு போவதைப் பார்த்து ஒருத்தன் சொன்னான்:

"பொண்டாட்டி உசிரோட இருக்க சொல்ல ஒரு தபா எட்டிப் பாக்கல. இப்ப டெய்லி டூட்டிக்கு போறாரு."

டீக்கடைக்காரன் அவனை அதட்டினான். "ஏய், சொம்மா இருடா. மனுசன் மனசு பேஜாரா கீது."

"அவன் சொல்றது சரிதான்," என்றேன். நான் டீயைக் குடித்துவிட்டுப் போனேன்.

வேலை முடிந்த பிறகும் போனேன். போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பேசமாட்டேன். உயிரோடு இருந்தபோதும் நான் அவளிடம் அதிகம் பேசினதில்லை. அவள் பேசுவாள், நான் கேட்பேன். மதிலுக்கு வெளியே லாரி போகும். கூட்ஸ் வண்டி சத்தம் கேட்கும். வெயில் ஏறினதும் எழுந்து வருவேன். எனக்கு அது போதும் என்று இருந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் தங்கள் கல்லறைக்கு வந்து, கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் வரிசையாக வந்து, பேரைக் கேட்டு, ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளிப்பார். வாசலில் சாமந்தி மாலைக் கடைகள். பஜ்ஜி வண்டிகூட நின்றது. உள்ளே கூட்டம். போன வருஷம் செத்தவர்களின் வீட்டார் அழுதார்கள். ரொம்ப வருஷம் ஆனவர்களின் வீட்டார் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மகளை வரச் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை மறுக்கவில்லை. மச்சானோடு வந்தாள். வந்தவள் பலகையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா."

"நல்லா இருக்கு நைனா."

அவள் மச்சானைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். நான் மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு அம்மா வந்தது. நல்ல கனமான உடம்பு. கையில் பூக்கூடை. பின்னால் இரண்டு ஆம்பிளைகள், பெண்கள், பிள்ளைகள், ஒரு சுண்ணாம்பு பக்கெட். எங்களிடம் வந்து நின்றது. மூச்சு வாங்கியது.

"யாருபா நீ?"

"ஏம்மா?"

"எங்கம்மா மேல யாரு பேர எய்தி வச்சிகீற?"

எனக்குப் புரியவில்லை. "இது என் வீட்டுக்காரிமா. நீங்க வேற பக்கம் பாருங்க," என்றேன்.

"அட! வேற பக்கமா? எங்கம்மா பொதச்ச எடம் எனக்கு தெரியாதா? டேய், பாருடா இந்த அநியாயத்த. ரெண்டு வர்சம் வரல. வூட்ட இட்ச்சி மணலி புதுநகர்ல கொண்டுபோய் போட்டானுங்க, அவருக்கு ஆப்ரேசன் வேற, வர முடியல. அதுக்குள்ள எங்கம்மா மேல ஒருத்தன் பட்டா போட்டுட்டான்!"

கூட வந்த ஒருத்தன் என் தோளைப் பிடித்தான். "எங்க இரும்பு சிலுவ எங்கய்யா? காயலான் கடைல போட்டியா?"

"சிலுவ எதும் இல்ல. நான் வர சொல்ல புல்லுதான் இருந்தது."

மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மா கூடையை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுக் கால்மாட்டில் குந்தியது. நான் தொடாமல் விட்ட மண்மேட்டைக் கையாலேயே பறித்தது. வளையல் சிமென்டில் பட்டுச் சத்தம் வந்தது. கொஞ்சம் மண் போனதும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இன்னும் பறித்தது. கடற்சிப்பிகள். ஈரச் சிமென்டில் ஒவ்வொன்றாக அழுத்தி, சிலுவை மாதிரி பதித்திருந்தார்கள்.

"பேரப் பசங்க அல்லாம் சேந்து வச்சது. எங்கம்மா மீனு வித்தவ. பாரு. நல்லா பாரு."

பார்த்தேன். பார்க்க வேறொன்றும் இல்லை. என் தோளைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டான்.

குழி வெட்டுகிறவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "ஆமாபா. மீனுக்கார அம்மாதான் இது. சிலுவ பூட்டு புல்லு மூடிகிச்சி, எனுக்கும் தோணல. நீ அல்லாம் தெரிஞ்ச மாதிரி வந்து குந்தின, நானும் உன்னுதுதான்னு நென்ச்சிட்டேன்."

"அப்ப என்னுது எங்க?"

அவர் என்னைக் கேட்டார், எப்போது செத்தது என்று. கொரோனாவில் என்றேன்.

அவர் கடைசி மூலையைக் கை காட்டினார். அங்கே மண் சமமாக இருந்தது. அதன்மேல் புதுக் குழிகள், புதுச் சிலுவைகள்.

"அப்ப மிஷினு வச்சி தோண்டினாங்க. எங்கள கிட்டவே உடல. எது யாருதுன்னு எனுக்கு தெரியாது. யாருக்குமே தெரியாதுபா."

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். மகளும் பின்னால் வந்தாள். அவன் மூஞ்சியைக் கழுவிக்கொண்டான். நான் கேட்கவே இல்லை. அவனே சொன்னான்.

"எங்கள உள்ள உடல மாமா. கேட்டாண்ட நின்னோம். வண்டி உள்ள போச்சி. அன்னிக்கி நெறைய வண்டி. நாலு நாளு கயிச்சி உள்ள உட்டாங்க. புது மண்ணா நெறைய கெடந்தது. கேக்க ஆளில்ல. ஒண்ணுத்துமேல சிலுவய நட்டேன். எல்லாரும் அப்படித்தான் நட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு பாத்து."

"அந்த போட்டோ?"

"அதான். நீ போன்ல கேட்டுகினே இருந்த. இன்னான்னு சொல்வேன்? அடுத்த மழைக்கு அந்த சிலுவயும் பூட்ச்சி."

"இப்ப இத காட்டினியே?"

அவன் அழ ஆரம்பித்தான். பெரிய உடம்பு. குலுங்கியது. "புல்லு மொளச்சி யாரும் வராத கல்லறயா பாத்து காட்டினேன். நீ வந்து ஒரு தபா கும்ட்டுட்டு போய்டுவேன்னு நெனச்சேன் மாமா. பெயின்ட் அடிப்பேன்னு தெரியாது. நீ அடிக்க சொல்ல வந்து சொல்லலாம்னு டெய்லி நெனப்பேன். ஒன் மூஞ்ச பாத்தா வாய் வரல."

மகளைப் பார்த்தேன். "ஒனக்கு தெரியுமா?"

"நானும் கேட்டாண்டதான் நின்னேன்," என்றாள். "எனக்கு அந்த வண்டி மட்டும்தான் தெரியும். அதான் நான் இங்க வர்றதில்ல."

அவனை அடிக்கலாம் என்று தோன்றவில்லை. திட்டவும் தோன்றவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் இடத்தில் நான்தான் இருந்திருக்க வேண்டும்.

திரும்பிப் போனபோது அந்த அம்மாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அது எழுந்து நின்றது. சத்தம் இறங்கியிருந்தது.

"இருக்கட்டும் உடுபா. இந்த வர்சம் இப்படியே இருக்கட்டும். ஃபாதர் வந்து ரெண்டு பேருக்கும் சேத்து மந்திரிச்சிட்டு போவட்டும். எங்கம்மாக்கும் பேச்சு துணையா இருக்கும். அவ ஓயாம பேசுவா."

"எங்க வூட்டுக்காரியும் பேசுவா."

"அப்ப இன்னா? உடு."

"வேணாம்மா," என்றேன். "பேரு மாறக்கூடாது."

பையில் சுரண்டி இருந்தது. எப்போதும் வைத்திருப்பேன், பழக்கம். பலகைக்கு முன் உட்கார்ந்தேன். பெயின்ட் உரிவதாக இல்லை. இரண்டு கை பிரைமர், உப்புக்குத் தாங்குகிற பெயின்ட். அலையடித்தாலும் போகாது. அதை அப்படிப் போட்டவன் நான்தான். ஒவ்வொரு எழுத்தாக விளிம்பில் குத்தி, தூக்கி, சுரண்டினேன். நீலத் தூள் என் வேட்டியில் கொட்டியது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தன. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றது.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். "உடு, கை கிழிஞ்சிடும்," என்றேன். விடவில்லை.

சாமியார் வரிசையில் வந்துவிட்டார். பேர் என்ன என்று கேட்டார். அந்த அம்மா தன் அம்மா பேரைச் சொன்னது. அவர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பலகையில் விழுந்தது. என் தலையிலும் விழுந்தது. அடுத்த கல்லறைக்குப் போனார்.

பேர் போய்விட்டது. ஆனால் சாய்ந்து பார்த்தால் தடம் தெரிந்தது. கப்பலிலும் அப்படித்தான், பழைய பேரின் தடம் முழுசாகப் போகாது. அதன்மேல் வெள்ளை அடித்துக் கொடுத்தேன். என் தோளைப் பிடித்தவன் அந்த அம்மாவின் தம்பி. அவர்கள் அம்மா பேரை எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். பலகைக்கு நடுவில் எழுதினேன். கீழே இடம் விடவில்லை.

கொண்டு வந்த மாலையும் மெழுகுவர்த்தியும் அப்படியே இருந்தன. மகள் கேட்டாள், இதை எங்கே வைப்பது என்று.

தோட்டத்துக்கு நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. வேறு ஊரில் புதைத்தவர்கள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், இவர்களுக்கெல்லாம் அங்கேதான் ஏற்றுவார்கள். சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கே நிற்பவர்களைப் பாவம் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே போனோம். தரையெல்லாம் மெழுகு. வழுக்கியது. கூட்டத்தில் கையை நுழைத்து ஏற்றி வைத்தோம். பின்னால் இருந்த ஒரு பெண் தள்ளினாள். "வச்சிட்டா நவுருங்கபா, நாங்களும் வைக்கணும்ல." நகர்ந்தோம். திரும்பிப் பார்த்தபோது எல்லாம் ஒரே நெருப்பாக இருந்தது. எங்களுடையது எது என்று தெரியவில்லை.

வாசலில் மச்சான் நின்றான். மூன்று பேரும் டீ குடித்தோம். அவன் காசு கொடுத்தான். அப்புறம் அவர்கள் காலடிப்பேட்டைக்குப் பஸ் ஏறினார்கள். நான் ரூமுக்கு நடந்தேன்.

இப்போது காசிமேட்டில் போட்டுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். வேலை இருக்கிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து சமைத்துவிட்டுப் போவாள். சில நாள் அவள் அம்மா மாதிரியே பேசுவாள். நான் கேட்பேன். மச்சானும் வருவான். அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. கல்லறைத் தோட்டப் பக்கம் நான் போவதில்லை. மச்சான் லாரியில் அந்த வழியாகப் போனால்கூட மறுபக்கம் பார்த்துக்கொள்வேன்.

அந்தப் போட்டோ இன்னும் போனில் இருக்கிறது. அந்த மண்ணுக்கு அடியில் யார் என்று தெரியாது. யாரோ ஒருத்தர். அவருக்கும் வீட்டார் இருப்பார்கள், அவர்களும் எதன்மேலோ சிலுவை நட்டிருப்பார்கள். அழிக்கலாம் என்று எடுத்து, அழிக்காமல் வைத்துவிடுவேன்.

டீக்கடைக்காரன் போன வாரம் கேட்டான். "இன்னா மாமு, திரும்பி வந்தது வந்துட்ட. இனிமே இங்கதானா?"

"எங்கன்னு தெரியல," என்றேன்.

அவன் நான் ஃபாரின் வேலையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அதெல்லாம் கிடைக்கும், கவலைப்படாதே என்றான். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.